அடிக்கு ஒரு நூல்

உக்காருங்க தம்பி. அந்தச் சேர் ஆடும், இதுல உக்காருங்க. காப்பி வருது. அதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு தெரியணும். உங்கள இங்க அனுப்பிச்சது யாரு?

யாரும் அனுப்பலைங்கறீங்க. சரி. மெட்ராஸ்ல இருந்து காரை எடுத்துக்கிட்டு வந்து, இந்த ஆவாரம்பாளையத்துச் சந்துல நாலு பேர்த்துகிட்ட வழி கேட்டு, பேட்டர்ன் கடை நாச்சிமுத்து வீடு எதுன்னு தேடிப் புடிச்சிருக்கீங்க. போலந்து நாட்டு ஹெலிகாப்டரப் பத்திப் புஸ்தகம் எழுதறீங்க. அதுவும் பறந்ததப் பத்தி இல்ல. கட்டாம விட்டது, பாதியில நின்னது, படமாவே போனது, அதுகளப் பத்தி. கோவிச்சுக்காதீங்க, நான் மனசுல வெச்சுக்காமப் பேசற ஆளு. கட்டி முடிச்சதப் பத்தி எழுதவே ஆள் இல்லாத ஊர்ல, கட்டாததப் பத்தி எழுத ஒருத்தர் பொறப்பட்டு வர்றார்ன்னா சந்தேகம் வருமா வராதா?

போட்டோவக் குடுங்க. கண்ணாடி எங்க போச்சு. ம். இவரேதாங்க. பேரு விட்டோல்டு, பின்னால இன்னொரு பேர் இருக்கும், அது வாயில நிக்காது. எங்க கடைக்காரங்க விட்டல்ராவுன்னு ஆக்கிட்டாங்க. கூப்பிட்டா அவரும் திரும்பிப் பாப்பாரு. பக்கத்துல கையக் கட்டிக்கிட்டு நிக்கறது நான். அப்ப முடி இருந்துச்சு. பின்னால நிக்கறது எங்க ஹெலிகாப்டர். அத்தனையும் மரம். பெயிண்ட் அடிச்சு நிறுத்தியிருக்கறதப் பாத்தா மரம்னு சொல்லுவீங்களா? சொல்ல மாட்டீங்க. இந்த ஓரத்துல பாதி மூஞ்சி தெரியுது பாருங்க, அத நல்லாப் பாத்துக்குங்க. அது அவிநாசியப்பன். என் தங்கச்சி பாவாத்தாளோட புருஷன், கடையில என் பார்ட்னர். ஹெலிகாப்டரக் கெடுத்தவனும் அவன்தான். அவன் எப்பவுமே பாதி மூஞ்சிதான் காட்டுவான்.

அவன் உங்கள அனுப்பியிருப்பான்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்பறம் ரோசனை பண்ணிப் பாத்தா அவனால முடியாது. ஆஸ்பத்திரியில கெடக்கறான். பக்கவாதம். வலது பக்கம் பூரா விழுந்துருச்சு, பேச்சும் போச்சு, இடது கை மட்டும் அசையுதாம். நேத்து பாவாத்தா போன் பண்ணுனா. எத்தனை வருசம் கழிச்சு அவ கொரலக் கேக்கறேன் தெரியுங்களா. 'அண்ணா, டாக்டர் கையை விரிச்சுட்டார், ஒருக்கா வந்து பாத்துட்டுப் போயிருங்க'ன்னு அழுகறா. 'உங்க பேரச் சொன்னா இடது கையத் தூக்கறாருங்கண்ணா, கட்டவெரலையும் ஆள்காட்டி வெரலையும் இப்படிக் கொஞ்சம் எடம் விட்டுக் காட்டறாரு, மூக்குப்பொடி கேக்கறாருன்னு குடுத்தா தட்டி உட்டர்றாரு, எங்களுக்கு ஒண்ணும் புரியல'ங்கறா.

எனக்குப் புரிஞ்சுது. உன் புத்தி இத்தனூண்டுதாண்டான்னு காட்டறான். சாகப் போற நேரத்துலயும் கொழுப்பு கொறையல. அவன் தப்ப ஒத்துக்கட்டும், நான் வர்றேன்னு சொல்லிட்டு போன வெச்சுட்டேன். பேச்சே இல்லாதவன் எப்படி ஒத்துக்குவான்னு இவ கேக்கறா, உள்ள இருக்கறா பாருங்க, ருக்குமணி, என் சம்சாரம். மனசு இருந்தா தலைய ஆட்டலாமல்லங்க?

மொதல்ல இருந்து சொல்றேன். பேட்டர்ன் ஒர்க்குன்னா என்னன்னு தெரியுங்களா? பம்பு செட் பாத்திருப்பீங்க, அந்த இரும்பு பாடிய எப்படிச் செய்யறாங்க? மொதல்ல அதே உருவத்துல மரத்துல ஒண்ணு செய்யணும். அத மண்ணுல அமுக்கி எடுத்தா குழி விழும். குழிக்குள்ள இரும்ப உருக்கி ஊத்துவாங்க, அதத்தான் வார்க்கறதும்பாங்க. ஊத்தறது பவுண்டரிக்காரன் வேலை. மரத்துல செய்யறது நம்ம வேலை.

இதுல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க. உருக்குன இரும்பு ஆறுறப்ப சுருங்கும். அடிக்கு ஒரு நூல். நூல்ன்னா ஒரு இஞ்சுல எட்டுல ஒரு பங்கு. அதனால மரத்த அடிக்கு ஒரு நூல் எச்சாச் செஞ்சாத்தான் இரும்பு சரியான அளவுக்கு வரும். ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போட்டுக் கூட்டிக்கிட்டு இருக்க முடியுங்களா? அதுக்குன்னே தனியா ஸ்கேல் இருக்கு. பாக்கறதுக்குச் சாதாரண ஸ்கேல் மாதிரிதான் இருக்கும். ஆனா அதுல ஒரு அடின்னு போட்டிருந்தா நெசத்துல ஒரு அடி ஒரு நூல். அதுல அளந்து செஞ்சுகிட்டே போனாப் போதும், மூளைக்கு வேலையே இல்ல.

ரெண்டு ஸ்கேலும் ஒரே கடையில இருந்தா என்ன ஆகும்? ஒருத்தன் இதுல அளப்பான், ஒருத்தன் அதுல அளப்பான், கூட்டிச் சேத்துனா ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. என் கடையில ஆரம்பத்துல அப்படி ஒண்ணு நடந்து, நூறு பம்பு பாடி குப்பைக்குப் போச்சு. அன்னிக்கு ஒரு சட்டம் போட்டேன். வெளி ஸ்கேல் ஒண்ணுகூட உள்ள வரக்கூடாது. கரெண்ட்டு வேலைக்கு வர்றவனா இருந்தாலும் சரி, டேப்ப என் டேபிள்ல வெச்சுட்டுத்தான் உள்ள போகணும். எங்க கடையில வெளி ஸ்கேலுக்குப் பேரே பொய் ஸ்கேல். ஆயுத பூசைக்கு நம்ம ஸ்கேலுக்குத்தான் மொதல்ல சந்தனம் வெப்போம். அப்பறம் என் கையால போன ஒரு பேட்டர்ன்கூடத் திரும்பி வந்ததில்லைங்க. கோயமுத்தூர்ல யார வேணா கேட்டுப் பாருங்க.

அப்பத்தான் இந்த ஹெலிகாப்டர் வந்துச்சு. இந்திரா காந்தி செத்து ஒண்ணு ரெண்டு வருசம் இருக்கும். இங்க ஒரு மில்லு மொதலாளி, பேரு வேண்டாங்க, அவரு பருத்திக்காட்டுக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் மருந்தடிக்க ஹெலிகாப்டர் செய்யணும்னு பொறப்பட்டாரு. போலந்துக்காரங்க படம் குடுப்பாங்க, இங்க கட்டணும். டெல்லியில இருந்து ஆளுங்க வந்து பாத்து சரின்னா லைசென்சு. வெறும் படத்தக் காட்டுனா டெல்லிக்காரனுக்கு என்ன புரியும்? அதனால முழு அளவுல மரத்துல ஒண்ணு செஞ்சு நிறுத்தணும். முன்னால வைக்கற கண்ணாடி, கதவு, மேல உக்கார்ற இஞ்சினோட கூடு, இதெல்லாம் அவிங்க ஊர்ல இருந்து கப்பல்ல வரும், நம்ம மரத்துல கொண்டு வந்து பொருத்தணும். இத்தனை பெரிய மர வேலைய அளவு பெசகாமச் செய்யறது யாருன்னு விசாரிச்சாங்க. எல்லாரும் என் கடையக் காட்டுனாங்க.

விட்டல்ராவ் படத்தத் தூக்கிக்கிட்டு வந்தாரு. நல்ல ஒசரம். வெயில்ல மூக்கு தக்காளியாட்டம் ஆயிரும். எனக்கு இங்கிலீசு அரைகொறை, அவருக்கும் அரைகொறை, அதனால நெம்ப நல்லாப் பேசிக்குவோம். பெட்ரோல் இஞ்சின் இல்ல, இது டர்பைன்னாரு. கையகலத்துல சக்கரம், சீமெண்ணெயாட்டம் ஒரு எண்ணெயில சுத்தும், வெயிட்டு கம்மின்னு வரைஞ்சு காட்டுவாரு. அவரு ஏற்கனவே மூணு டர்பைன் ஹெலிகாப்டர் போட்டிருக்காரு. மொதலாவது படத்தோட நின்னு போச்சு. ரெண்டாவது மரத்துல செஞ்சு வெச்சிருந்தாங்க, மேலதிகாரி மாறுனதும் அதக் குளிருக்கு எரிச்சுட்டாங்க. மூணாவது நெசமாவே கட்டி, டர்பைன வெச்சு, ஆள் ஒசரத்துக்குத் தூக்கி எறக்கியிருக்காங்க. அப்பறம் மேல இருந்து யாரோ வேண்டாம்னாங்க, தார்ப்பாய் போட்டு மூடிட்டாங்க. இதச் சொல்லிட்டு நாலு வெரலக் காட்டுவாரு. நாலாவது பறக்கும்ங்கறாரு. தெனமும் காலையில வந்ததும் நாலு வெரலக் காட்டுவாரு, நானும் காட்டுவேன். எனக்குங்க, பொய் சொல்லக் கூடாது, அந்த ஆள நெம்பப் புடிச்சிருந்துச்சு.

புடிச்சிருந்தா என்ன, சட்டம் சட்டம்தானே. மொத நாளே வாசல்ல நிறுத்தி, பாக்கெட்ல இருந்த இரும்பு டேப்ப வாங்கி என் டேபிள்ல போட்டுக்கிட்டேன். அவருக்குப் புரியல. இங்க எல்லாம் ஒரே ஸ்கேல், அதாலதான் தப்பே வராதுன்னேன். நெம்ப மெச்சிக்கிட்டாரு. எங்க ஊர் பேக்டரியில இந்த ஒழுங்கு இல்லையேன்னாரு. அதுக்கப்பறம் எத அளந்தாலும் நம்ம ஸ்கேல்தான். படத்தப் பாப்பாரு, ஸ்கேல வெப்பாரு, டான்னு இருக்கும், என் தோள்ல தட்டுவாரு. ஒரு நாள் சும்மா செவுத்துல சாஞ்சு நின்னு அவரு ஒசரத்தையே அளந்தாரு. முக்கா இஞ்சு கம்மியா இருக்கு. உங்க ஊர் வெயில்ல நான் சுருங்கிட்டேன்னு சொல்லிச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒடம்பு வாகு அப்படிப் போல.

வேல முடியற சமயம். ஒரு நாள் பொழுது விழுகறப்ப பவுண்டரிக்குப் போயிட்டுத் திரும்பி வர்றேன். ஆளுக எல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க, விட்டல்ராவும் லாட்ஜுக்குப் போயாச்சு. உள்ள லைட் எரியுது. எட்டிப் பாத்தா அவிநாசி. ஹெலிகாப்டரோட கதவுச் சட்டத்துக்குள்ள குனிஞ்சு நிக்கறான். கையில என்ன? டேப்பு. வெளி டேப்பு. என் கடைக்குள்ள, எனக்குத் தெரியாம, சட்டைக்குள்ள ஒளிச்சுக் கொண்டு வந்திருக்கான்.

எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. 'மச்சான், ஒரு நிமிசம் இங்க வந்து பாருங்க, எனக்கு ரெண்டு நாளா உறுத்திக்கிட்டே இருக்கு'ன்னான். 'என்னடா உறுத்துது, டேப்ப எதுக்கு உள்ள கொண்டாந்தே'ன்னேன். 'அதத்தான் மச்சான் சொல்ல வர்றேன், கோவப்படாமக் கேளுங்க'ங்கறான். கேக்கறதுக்கு என்ன இருக்கு? கடைச் சட்டத்த மீறுறவன் வேற எதத்தான் மீற மாட்டான்? டேப்பப் புடுங்கி மதிலத் தாண்டி வீசுனேன், சாக்கடையில போய் விழுந்துச்சு. கன்னத்துலயும் ஒண்ணு வெச்சேன். தங்கச்சி புருஷன்னு பாக்கல. டெல்லிக்காரங்க வந்துட்டுப் போற வரைக்கும் இந்தப் படி மிதிக்கக் கூடாதுன்னுட்டேன். வாசல் வரைக்கும் போனவன் திரும்பி நின்னு, 'மச்சான், இத யாரும் வார்க்கப் போறதில்லீங்க'ன்னான். என்னமோ ஒளறிட்டுப் போறான்னு கதவச் சாத்திட்டேன்.

அப்பறம் நடந்ததக் கேளுங்க. கொச்சிக்குக் கப்பல் லேட்டு. டெல்லிக்காரங்க வர்றதுக்கு மொத நாள்தான் பெட்டி வந்து சேந்துச்சு. ஒடைக்கறோம். கண்ணாடிய எடுத்து முன்னால வெச்சுப் பாத்தா, நிக்க மாட்டேங்குது. சட்டத்துக்குள்ள லொடலொடன்னு போய் விழுகுது. கதவ மாட்டுனா சுத்தியும் வெளிச்சம் தெரியுது. இஞ்சின் கூட்ட மேல தூக்கி வெச்சா போல்ட்டு ஓட்டை ஒண்ணோட ஒண்ணு சேரல. விட்டல்ராவ் படத்தப் பாக்கறாரு, ஸ்கேல வெக்கறாரு. மரம் சரியா இருக்கு. அப்ப எங்க ஊர்ச் சாமான் தப்பா வந்திருக்குங்கறாரு. மூஞ்சியில ரத்தமே இல்ல. ரீப்பர் கட்டையச் செருகி, புட்டி அப்பி, துணியச் சுருட்டி வெச்சு ஒரு மாதிரி நிறுத்துனோம்.

டெல்லியில இருந்து வந்தவரு குண்டா ஒரு அதிகாரி. சுத்தி வந்தாரு. எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஏறி உக்காந்து பாக்கறேன்னு கதவத் தெறந்தாரு. கதவு கையோட வந்துருச்சு. அதப் புடிக்கறேன்னு அவரு அசைஞ்சதுல, கண்ணாடி சரிஞ்சு, மடியில விழுகற மாதிரி பைலட் சீட்டுல விழுந்துச்சு. அந்த ஆளு கதவப் புடிச்சுக்கிட்டே, தரையில நிக்கறப்பவே இப்படின்னா மேல போனா என்ன ஆகும்னு கேட்டாரு. கூட வந்தவங்க சிரிச்சாங்க. மில்லு மொதலாளியும் சிரிச்சாரு. அதோட முடிஞ்சுது.

விட்டல்ராவ் அன்னிக்குச் சாயங்காலம் பூரா அந்த மர ஹெலிகாப்டருக்குள்ள போய் உக்காந்துக்கிட்டாரு. நான் டீ கொண்டு போய்க் குடுத்தேன். வாங்கல. நாலு வெரலக் காட்டுனாரு, அப்பறம் ஒண்ணொண்ணா மடக்குனாரு. எனக்குத் தாங்க முடியல தம்பி. வெளிய வந்து கொழாயடியில நின்னு அழுதேன். ரெண்டு நாள்ல ஊருக்குப் போயிட்டாரு. டேப்பத் திருப்பிக் கேக்கவே இல்ல. அதுவும் எனக்கு ஒரு சந்தேகம்தான், இரும்பு டேப்ப யாராவது மறப்பாங்களா?

யாரு செஞ்சிருப்பான்னு நான் நெனைக்காத ஆளில்ல. மொதல்ல கொச்சி ஹார்பர்காரங்க மேல சந்தேகப்பட்டேன். பெட்டிய மாத்தியிருப்பாங்களோன்னு. அப்பறம் ரஷ்யாக்காரன். அவன் ஹெலிகாப்டர அவன் விக்கணும்ல, அடுத்தவன் விக்க உடுவானா? மில்லு மொதலாளி ஏன் சிரிச்சாருன்னு ஒரு வருசம் ரோசனை பண்ணுனேன். விட்டல்ராவையே சந்தேகப்பட்டிருக்கேன், என்னைய மன்னிக்கணும். எப்படிச் சுத்தி வந்தாலும் கடைசியில அவிநாசிகிட்டத்தான் வந்து நிக்குது. தனியா உள்ள இருந்தவன் அவன். ஒளிச்சு டேப்பு கொண்டு வந்தவன் அவன். இழைப்புளிய வெச்சு ஒவ்வொரு சட்டத்தையும் உள்பக்கமா இழைச்சுப் பெருசாக்கியிருக்கான். பெயிண்ட்கூட உதிரல, அவ்வளவு நயமாச் செஞ்சிருக்கான். வேலக்காரன்தான், இல்லைங்கல.

பார்ட்னர்ஷிப்ப முறிச்சேன். பாவாத்தாகூடப் பேச்சை நிறுத்துனேன். அவ மக கல்யாணத்துக்கு நான் போகல. தாய்மாமன் நான் உசுரோட இருக்கறப்ப, சீர்த் தட்டத் தூக்க ஒண்ணுவிட்ட பங்காளி ஒருத்தனக் கூட்டிக்கிட்டு வந்தாங்களாம். மண்டபத்துல மேளச் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. நான் இதே எடத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு எழுத்துகூட மண்டையில ஏறல.

இப்பச் சொல்லுங்க, விட்டல்ராவ் எப்படி இருக்காரு? இல்லைங்களா. எப்ப? ம். மக குடுத்த போட்டோவா இது. ஊருக்குப் போன அப்பறம் ஹெலிகாப்டர் பக்கமே உடலையா, டிராக்டருக்குக் கூரை வரையற வேலையா குடுத்தாங்க. அடப் பாவமே. சாகற வரைக்கும் அந்த நாலாவதோட கணக்கத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துக்கிட்டே இருந்தாரா. எங்க தப்புப் பண்ணுனேன்னு மககிட்டக் கேப்பாரா.

நல்ல மனுசன். கணக்குல மட்டும் கொஞ்சம் வீக் போல.

ஏனுங்க தம்பி, என்னமோ கேக்கணும்னு பாக்கறீங்க, கேளுங்க. இந்தப் பாடிய வார்க்கற உத்தேசம் இல்லையேன்னா? இல்லதான். மரமாவே நிக்க வேண்டியதுதான். அதுக்கென்ன இப்போ? எந்த ஸ்கேல்ல அளந்தீங்கன்னா? எங்க ஸ்கேல்லதான். வேற ஸ்கேல்தான் கடையிலயே இல்லைன்னு இவ்வளவு நேரம் சொன்னேனே, கவனிக்கலீங்களா? நல்லாப் புஸ்தகம் எழுதுவீங்க.

எதுக்கு இப்பத் தலையப் புடிச்சுக்கறீங்க?

சரி, ஒண்ணு பண்ணலாம், வாங்க. அந்தக் கதவுச் சட்டம் இன்னும் இருக்குதுங்க. மத்ததெல்லாம் வெறகாப் போச்சு, அத மட்டும் எனக்கு வெட்ட மனசு வரல. பின்னால கோழிக்கூண்டுக்கு வாசலா வெச்சிருக்கேன். இத்தனை வருசத்துல ஒருக்காகூட நான் அத அளந்து பாத்ததில்ல, பாத்தா வயிறெரியும்னுதான். வாங்க, அவன் எத்தனை இழைச்சிருக்கான்னு உங்க கண்ணாலயே பாருங்க. பாத்து வாங்க, சாணி இருக்கும். படத்துல இதோட ஒசரம் என்ன போட்டிருக்கு, உங்க போன்ல இருக்குதுங்கறீங்களே? மில்லியில இருக்கா, கணக்குப் போட்டா நாலு அடி. ஆமா, எனக்கும் ஞாபகம் இருக்கு, நாலு அடி.

உங்க சாவிக்கொத்துல தொங்கற டேப்பா? சரி, வைங்க. நாலு அடி அரை இஞ்சு. பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, அரை இஞ்சு இழைச்சிருக்கான். ஆனா அது பொம்மை டேப்பு, அத நம்ப முடியாது. இருங்க, விட்டல்ராவ் டேப்பு என் அலமாரியில இருக்கு. ருக்குமணி, அந்தப் பழைய இரும்பு டேப்ப எடுத்துட்டு வா. என் ஸ்கேலையும் கொண்டா, பூசை அறையில இருக்கும்.

இந்தாங்க, இது போலந்து டேப்பு. நீங்களே வைங்க. இதுல மில்லிதான், கணக்குப் போட்டா இதுலயும் நாலு அடி அரை இஞ்சா. சரி. இப்ப நம்ம ஸ்கேல். இதுதாங்க ஸ்கேலு. கீழ கரெக்டா வெச்சுக்குங்க, நான் மேல புடிக்கறேன்.

நாலு அடி.

இன்னொருக்கா வைங்க. டான்னு நாலு அடி. ஒரு மயிரிழை கூடக் கொறைய இல்ல.

இருங்க தம்பி, பேசாதீங்க. எனக்கு ரோசனை பண்ணணும். நம்ம ஸ்கேல்ல நாலு அடி சரியா இருக்குதுன்னா, இத யாரும் இழைக்கல. அன்னிக்கு நான் எப்படிச் செஞ்சேனோ அப்படியே இருக்கு. பெயிண்ட் ஏன் உதிரலைன்னா இழைக்கவே இல்ல, அதான் உதிரல. அவிநாசி இதத் தொடவே இல்லைங்க.

தொடவே இல்ல.

அப்பத் தப்பு யாருது? ரெண்டு டேப்பும் ஒரே பொய்யச் சொல்லுது பாருங்க. இந்த போலந்து டேப்பே தப்புன்னா, இதுல அளந்து செஞ்ச கண்ணாடி எப்படிச் சரியா இருக்கும்? அந்த நாட்டுலயே அளவு சின்னதாப் போச்சு. உங்க டேப்பும் அங்க இருந்து வந்த சரக்காத்தான் இருக்கும். நான் சந்தேகப்பட்டது சரிதான், ஆளத்தான் மாத்திப் புடிச்சுட்டேன். தலைய ஆட்டாதீங்க தம்பி. இது எவ்வளவு பெரிய எடத்துச் சதின்னு உங்களுக்கு இன்னும் புரியல.

ஆனா அந்த ஆள் பாவம். அவிநாசியச் சொல்றேன். அன்னிக்கு அந்த டேப்புல என்ன பாத்தான்னு நான் கேக்கவே இல்லீங்களே. சாக்கடையில வீசிட்டேன். ஒருவேளை அதுவும் அரை இஞ்சு எச்சாக் காட்டியிருக்கும். அதச் சொல்லத்தான் கூப்பிட்டானா? அரை இஞ்சுன்னா எவ்வளவு இருக்கும். இந்தக் கட்டவெரலுக்கும் இந்த வெரலுக்கும் நடுவுல, இத்தனை.

இத்தனை.

ருக்குமணி. பாவாத்தா போன்ல என்ன சொன்னா? இடது கையத் தூக்கி எப்படிக் காட்டறானாம்? நீ காட்டு. எடம் விட்டுக் காட்டு.

பொடி இல்லீங்க தம்பி. அவன் பொடி கேக்கல. என்னைய இத்தனூண்டுன்னும் சொல்லல. வாயி போன அப்பறமும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கான். முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் நான் வந்து கேப்பேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். அவன் மக கல்யாணத்துக்கு நான் போகலைங்க. கன்னத்துல வேற அடிச்சேன்.

உங்க கார் சந்து மொனையிலதானே நிக்குது? ஆஸ்பத்திரி கிட்டத்துலதான், நான் வழி சொல்றேன். காப்பிய அப்பறம் குடிக்கலாம். ருக்குமணி, என் வெள்ளைச் சட்டைய எடு, நீயும் கெளம்பு. அந்த டேப்பெல்லாம் இங்கயே கெடக்கட்டும், அதுகள நான் வண்டியில ஏத்த மாட்டேன். ஸ்கேல மட்டும் எடுத்துக்கறேன். அவன் கண்ணு முன்னால புடிச்சு, உன் மேல ஒரு தப்பும் இல்லடா மாப்ள, இந்த ஸ்கேலே சொல்லிருச்சுன்னு சொல்லணும். பேச்சு இல்லாட்டி என்ன, ஸ்கேலப் பாத்தா அவனுக்குப் புரிஞ்சு போயிரும்.